தோள் தசைநாண் மறு அறுவை: எலும்பில் குழி விழுந்திருந்தால்?

கேள்வி இதுதான்: தோளில் தைத்த தசைநாண் மறுபடி கிழிந்துவிட்டது, எலும்பிலும் குழி இருக்கிறது. திரும்பத் தைக்க முடியுமா?

பல சமயம் முடியும். முதல் அறுவையில் தசைநாணைக் கட்ட, மேற்கை எலும்பின் மேல்முனைப் புடைப்பில் ஆங்கர் என்ற சின்னத் திருகுகளை இறக்கியிருப்பார்கள். உடலில் கரையும் சில ஆங்கர்கள் சுற்றியுள்ள எலும்பையும் அரித்துவிடுவதுண்டு. தளர்ந்த ஆங்கரும் அப்படித்தான்: சுவரில் ஆணி ஆட ஆட ஓட்டை பெரிதாகுமே, அதே கதை. குழியின் அளவைத் துல்லியமாகப் பார்க்க எம்ஆர்ஐயைவிட சிடி ஸ்கேன் நல்லது.

சின்னக் குழி என்றால் அதை விட்டுவிட்டு, பக்கத்தில் கெட்டியான எலும்பில் புது ஆங்கர் போடுவார்கள். இடைஞ்சல் செய்யாத பழைய ஆங்கரைப் பிடுங்காமல் விடுவதே மேல். பிடுங்கினால் இன்னொரு பள்ளம்தான் மிச்சம். சில நேரம் அதே துளையில் பருமனான ஆங்கர் இறங்கும். பெரிய குழியை எலும்புத் துணுக்குகளால் இறுக்கி நிரப்ப வேண்டும். பிடிமானம் கிடைத்தால் அன்றே தையல். இல்லையென்றால் நிரப்பிய எலும்பு ஒட்டி இறுகச் சில மாதம் விட்டு, அப்புறம் இரண்டாவது அறுவை. இரண்டு முறை மயக்க மருந்து என்றால் யாருக்கும் சலிப்புதான். ஆனாலும் பொலபொலத்த எலும்பில் போட்ட தையல் நிற்காது.

இதற்கெல்லாம் முன், மந்தமான கிருமித்தொற்று ஒளிந்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். தசையே கொழுப்பாக மாறிப்போயிருந்தால், குழியை அடைத்தும் பெரிதாகப் பலனிருக்காது. வயதானவர்களுக்கு அப்போது ரிவர்ஸ் வகை செயற்கை மூட்டு (தோளின் பந்தையும் கிண்ணத்தையும் இடம் மாற்றிப் பொருத்துவது) பற்றிப் பேசுவார்கள்.