பாதி பெந்தோ திரும்பி வருகிறதா? டப்பாவைச் சின்னதாக்குங்கள்

கேள்வி: நாங்கள் டோக்கியோவில், நிஷிகசாயில் இருக்கிறோம். மூன்று வயது மகள் இந்த ஏப்ரலில் யோச்சியெனில் (பாலர் பள்ளி) சேர்ந்தாள். வாரத்தில் நான்கு நாள் பெந்தோ (டப்பாவில் கட்டும் மதிய உணவு) கட்டித் தர வேண்டும். மற்ற அம்மாக்கள் போடும் படங்களைப் பார்த்து, ஐந்து மணிக்கே எழுந்து கரடி முகச் சோறு, பூ வடிவக் கேரட் என்று செய்தேன். இப்போதே களைத்துவிட்டேன். அவளும் பாதியை அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறாள். நாங்கள் முட்டை சாப்பிடுவோம். மீன், இறைச்சி கிடையாது. இதை எப்படித் தினசரிப் பழக்கமாக்குவது?
- ஒரு வாசகி, டோக்கியோ

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நாளைக் காலையிலிருந்தே கரடி முகத்தை நிறுத்திவிடுங்கள். கியாராபென் எனப்படும் பொம்மை முகப் பெந்தோ, பெரும்பாலான ஜப்பானிய வீடுகளில் சுற்றுலா, பிறந்தநாள் போன்ற நாட்களுக்கு உரியது. சாதாரணச் செவ்வாய்க்கிழமைப் பெந்தோவைப் படம் எடுத்துப் போடுகிறவர்கள் குறைவு. அதில் சோறு, முட்டைச் சுருள், முந்தைய இரவு எடுத்து வைத்த ஒரு கறி, ஓரமாகப் புரோக்கோலி இருக்கும். அவ்வளவுதான். தவிர, முகம் செய்கிறேன் என்று சோற்றையும் காயையும் கையால் தொடத் தொடக் கிருமி சேரவும் வழி உண்டு.

அடுத்து, அந்தப் பாதி டப்பா. டப்பாவின் அடியில் அதன் கொள்ளளவு மில்லிலிட்டரில் இருக்கும், பாருங்கள். நெருக்கமாக அடைத்தால் 600 மி.லி. டப்பாவில் ஏறக்குறைய 600 கலோரி என்பது இங்கே பலரும் சொல்லும் எளிய கணக்கு. மூன்று வயதுப் பிள்ளைக்கு 270 மி.லி. வாக்கில் போதும். உங்கள் டப்பா 450 என்றால், பாதி திரும்பி வருவதில் அவள் தப்பு எதுவுமே இல்லை. தொடக்கத்தில் யோச்சியென் ஆசிரியைகளும் இதைத்தான் சொல்வார்கள்: பிடித்ததை, கொஞ்சமாக, பிள்ளை தானே எடுத்துச் சாப்பிடுகிற மாதிரி வையுங்கள். காலி டப்பாவை உங்களிடம் காட்டும் சந்தோஷம் அவளுக்கு முதலில் கிடைக்கட்டும். அளவை அப்புறம் கூட்டிக்கொள்ளலாம்.

டப்பாவில் பாதி சோறு. மீதிப் பாதியில் முட்டை, டோஃபு வகை ஒரு பங்கு, காய்கறி இரண்டு பங்கு. 3:1:2 என்ற இந்த விகிதம் மனதில் பதிந்துவிட்டால், 'நாளைக்கு என்ன செய்வது?' என்ற பெரிய கவலை, 'அந்த ஒரு பங்கில் என்ன, இரண்டு பங்கில் என்ன?' என்று சுருங்கிவிடும்.

காலை வேலையைக் குறைக்க நான் நம்புகிற வழி ஒன்றுதான். இரவுச் சமையல் முடிந்ததும், யாருக்கும் பரிமாறுவதற்கு முன்பே, சுத்தமான கரண்டியால் பெந்தோவுக்கு இரண்டு ஸ்பூன் எடுத்து மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். எல்லோரும் சாப்பிட்டு மிஞ்சியதை வைக்காதீர்கள். பூசணி, பீன்ஸ் மாதிரி நன்றாக உறைபவற்றை 100 யென் கடையில் கிடைக்கும் சிலிக்கான் கிண்ணங்களில் போட்டு உறையவும் வைக்கலாம். காலையில் இவற்றை ஆவி பறக்கச் சூடாக்கி, ஆறவிட்டுத்தான் வைக்க வேண்டும். உறைந்தபடியே டப்பாவில் வைக்கலாம் என்று பாக்கெட்டில் அச்சிட்டு விற்பவை வேறு. வீட்டில் உறையவைத்ததை அப்படி வைக்கக் கூடாது. அந்தப் பாக்கெட்டுகளிலும் கீரை, பூசணி என்று நம்பி வாங்கும் பலவற்றில் மீன் தாஷி (சுவைக்குச் சேர்க்கும் சாறு) கலந்திருக்கும். வீட்டில் 'கொம்பு' எனும் கடற்பாசியும் உலர்ந்த ஷீதாகே காளானும் ஊறிய தண்ணீரே உங்களுக்கு நல்ல தாஷி.

ஆக, காலையில் அடுப்பில் புதிதாகச் செய்வது தமாகோயாக்கி என்ற முட்டைச் சுருள் மட்டும். இரண்டு முட்டையை உப்பு, துளி சர்க்கரையோடு அடித்துக்கொள்ளுங்கள். சதுரக் கல்லில் மெல்லிசாக ஊற்றி, மேல்பக்கம் லேசாக ஈரமாக இருக்கும்போதே சுருட்டி ஒரு ஓரம் தள்ளுங்கள். கல்லில் எண்ணெய் தடவி மறுபடி ஊற்றுங்கள். இந்த இடத்தில் சுருளைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால் முட்டை அடியிலும் ஓடி ஒட்டிக்கொள்ளும். மறுபடி சுருட்டுங்கள். பெந்தோவுக்கு என்பதால் உள்ளே ஈரம் தெரியாமல் முழுக்க வேக வேண்டும். அவளுக்கு இரண்டு துண்டு. மிச்சம் உங்கள் காலை உணவு.

சோற்றுக்கு இங்கே விற்கும் கொஷிஹிகாரி மாதிரி அரிசியே சரி. நம் பச்சரிசி, புழுங்கலரிசி எல்லாம் ஆறினால் விறைக்கும். கொஷிஹிகாரியில் அமைலோஸ் (சோற்றை விறைக்க வைக்கும் மாவுச்சத்து) குறைவு என்பதால் ஆறிய பிறகும் மெத்தென்று இருக்கும். எலுமிச்சைச் சாதத்தைக்கூட இதில் கிளறி, பிளாஸ்டிக் தாளில் வைத்துச் சின்ன உருண்டையாகப் பிடிக்கலாம். ஆனால் தாளிப்பில் வேர்க்கடலையும் கடலைப்பருப்பும் வேண்டாம். கெட்டியான பருப்பு, கொட்டை வகைகளை ஐந்து வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்குத் தரக் கூடாது என்று ஜப்பானின் நுகர்வோர் விவகார முகமை எச்சரிக்கிறது. மினி தக்காளி, திராட்சையையும் முழுசாகப் போடாமல் நான்காக நறுக்கச் சொல்கிறது. தக்காளியை நறுக்கினால் சாறு கசியும், அதனால் தனிக் கிண்ணத்தில் வையுங்கள்.

இனி மழைக்காலம். ஜூன், ஜூலையில் பெந்தோ கெடுவதற்குப் பெரிய காரணம் ஈரம். சூட்டோடு மூடினால் மூடியில் நீர் கோத்து, சொட்டுச் சொட்டாகச் சோற்றில் இறங்கும். எல்லாவற்றையும் வைத்த பிறகு, திறந்த டப்பாவை ஐஸ் பேக்கின் மேல் வைத்து விசிறிவிடுங்கள். அடியைத் தொட்டால் சூடே தெரியாதபோது மூடி, மேலே இன்னொரு ஐஸ் பேக்கைக் கட்டி அனுப்புங்கள். பொரியலுக்குத் தேங்காய்ப்பூ இந்த மாதங்களில் வேண்டாம். வறுத்து அரைத்த எள்ளைத் தூவுங்கள், காயில் ஊறும் நீரை அது இழுத்துக்கொள்ளும். ஜப்பானியர் கீரையில் எள் சேர்ப்பதும் அதே பலனைத் தருகிறது. குழம்பும் தயிர்ச் சாதமும் வீட்டிலேயே இருக்கட்டும்.

குளிர்காலத்தில் சில யோச்சியென்களில் டப்பாக்களைச் சூடுபடுத்தும் பெட்டி வைப்பார்கள். உங்கள் பள்ளியில் உண்டா என்று இப்போதே கேட்டு வையுங்கள். உண்டென்றால் அலுமினிய டப்பா கேட்பார்கள். அப்போது பழத்தை மட்டும் தனி டப்பாவில் கொடுத்துவிடுங்கள்.