ஏ பிளாக்கில் மட்டும் தண்ணீர் மிச்சமாவது எப்படி?

கேள்வி: எங்கள் குடியிருப்பில் மூன்று பிளாக், பிளாக்குக்கு 24 வீடு. கோடையில் போர் வற்றிவிடும், டேங்கர் லாரிதான் கதி. லாரிச் செலவை 72 வீடும் சமமாகப் பகிர்ந்துகொள்கிறோம். சிக்கனமாக இருங்கள் என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டால் கட்டைவிரல் குவிகிறது, சாயங்காலத்துக்குள் சம்ப் காலி. ஏ பிளாக்குக்கு மட்டும் மோட்டார் குறைவாக ஓடுகிறது என்கிறார் வாட்ச்மேன். அங்கே பாதிப் பேர் ஒரே அலுவலகக் குவார்ட்டர்ஸிலிருந்து வந்தவர்கள். மற்ற இரண்டு பிளாக்கிலும் வாடகைக்காரர்கள் அதிகம். நல்லவர்களெல்லாம் ஒரே பிளாக்கில் சேர்ந்துவிட்டார்களா? மற்றவர்களை எப்படித் திருத்துவது?
(சங்கச் செயலாளர், சென்னைப் புறநகர்)

பதில்: திருத்துகிற வேலையை விடுங்கள். ஏ பிளாக் குடும்பங்களை அப்படியே கலைத்து மூன்று பிளாக்கிலும் தூவினால், ஆறு மாதத்தில் அவர்களும் குழாயைத் திறந்துவிட்டுக் கார் கழுவுவார்கள் என்பது என் ஊகம். வித்தியாசம் குணத்தில் இல்லை, யாருக்கு யாரைத் தெரியும் என்பதில் இருக்கிறது.

ஏ பிளாக்கில் ஒருவர் தண்ணீரை வீணாக்கினால் எதிர்வீட்டார் பார்க்கிறார். அவர் அதை மாடிவீட்டாரிடம் சொல்கிறார். மாடிவீட்டார் லிஃப்டில் பார்க்கும்போது, "என்ன சார், காலையில ஒரே மழையாமே?" என்கிறார். அவ்வளவுதான், மறுநாள் வாளி வந்துவிடும். என்னைத் தெரிந்த இருவருக்கு ஒருவரையொருவரும் தெரியும் என்பதுதான் இங்கே விஷயம். உறவு வலையை ஆராய்பவர்கள் இதை முக்கோணம் என்பார்கள். முக்கோணம் இருக்கும் இடத்தில் நல்ல பெயருக்கும் கெட்ட பெயருக்கும் கால் முளைக்கிறது.

மற்ற இரண்டு பிளாக்கிலும் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்தது நீங்களும் வாட்ச்மேனும் மட்டும்தான். துணி கிழிந்துபோன குடை மாதிரி: நடுவில் நீங்கள், உங்களிடமிருந்து கம்பிகள், கம்பிக்கும் கம்பிக்கும் இடையில் ஒன்றுமில்லை. செய்தி உங்களிடமிருந்து எல்லோருக்கும் போகும். ஆனால் ஒருவர் என்ன செய்கிறார் என்பது அடுத்தவருக்குத் தெரியாது. உங்கள் வாட்ஸ்அப் குழுவும் இதே குடைதான். அங்கே கட்டைவிரல் போட ஒரு காசு செலவில்லை.

பொது வளங்களை மக்கள் எப்படி நிர்வகிக்கிறார்கள் என்ற ஆய்வுக்காக 2009இல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், ஸ்பெயின் நாட்டு வாய்க்கால் பாசனத்தைப் பற்றி எழுதியது உங்களுக்கு நேராகப் பொருந்தும். அங்கே முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். ஒருவர் முறை முடியும் நேரத்தில் அடுத்தவர் பக்கத்திலேயே காத்து நிற்பார். இவர் கூடுதலாகப் பத்து நிமிடம் எடுத்தால் அவர் கேட்பார். தனிக் காவல் தேவையில்லை, முறையே காவல். நம் ஊர் ஏரிப் பாசனத்திலும் கடைமடைக்காரர் மேட்டுக்காரர் மீது ஒரு கண் வைத்திருப்பார். 72 வீட்டுச் சம்ப்பில் எல்லோருமே கடைமடைதான், ஆனால் மேட்டுக்காரர் யாரென்று யாருக்கும் தெரியாது.

இதற்கு ஒரு கணக்கும் இருக்கிறது. 2006இல் மார்ட்டின் நோவாக் உள்ளிட்ட நான்கு ஆய்வாளர்கள் நேச்சர் அறிவியல் இதழில் வெளியிட்டது. ஒருவர் செய்யும் உதவியால் விளையும் பலன், அவருக்கு ஆகும் செலவைப் போல எத்தனை மடங்கு என்று பாருங்கள். அந்த மடங்கு, அவரோடு தொடர்புள்ள அண்டையரின் சராசரி எண்ணிக்கையைவிடப் பெரிதாக இருந்தால் ஒத்துழைப்பு தழைக்கும். நான்கு அண்டையர் என்றால் நான்கு மடங்குக்கு மேல் வேண்டும். இது காகிதக் கணக்கு, அடுக்குமாடிக்கு அப்படியே ஒட்டாது. ஆனால் சொல்லும் திசை சரி: 72 பேரை ஒரே வட்டமாக வைத்தால் வேலைக்காகாது.

சரி, சின்னச் சின்ன வட்டமாகப் பிரித்தால் போதுமா? போதாது. ஸ்பெயினில் 1,229 பள்ளி மாணவர்களை வெவ்வேறு வடிவ வலைகளில் இணைத்து, அண்டையரோடு ஒத்துழைப்பதா சுயநலமாக நடப்பதா என்று சுற்றுக்குச் சுற்று முடிவெடுக்கும் ஒரு விளையாட்டை ஆட வைத்தார்கள், முடிவு 2012இல் வந்தது. எந்த வடிவமானாலும் ஒத்துழைப்பு ஒரே மாதிரி சரிந்தது. அதற்கு முந்தைய ஆண்டு டேவிட் ராண்ட் என்ற ஆய்வாளரின் குழு வெளியிட்ட இதே மாதிரிச் சோதனையில், யாரோடு தொடர்வது, யாரை விடுவது என்று அடிக்கடி மாற்றிக்கொள்ள அனுமதித்தபோதுதான் ஒத்துழைப்பு நிலைத்தது. சரியாக நடப்பவருக்கு அதனால் ஏதாவது கிடைக்க வேண்டும் என்பதே இதில் நமக்கான பாடம். உங்கள் குடியிருப்பில் ஏ பிளாக் மிச்சப்படுத்தினாலும் அதே பில், பி பிளாக் கொட்டினாலும் அதே பில். ஏ பிளாக் இன்னும் எத்தனை கோடைக்குப் பொறுக்கும் என்று எனக்குச் சந்தேகம்தான்.

ஆகவே மீட்டரிலிருந்து தொடங்குங்கள். மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறும் குழாயில் பிளாக்குக்கு ஒன்று. லாரிச் செலவை பிளாக் வாரியாகப் பிரியுங்கள். வீட்டுக்கு வீடு மீட்டர் வேண்டாமா என்பீர்கள். பழைய கட்டடங்களில் குளியலறைக்கு ஒரு குழாய், சமையலறைக்கு ஒரு குழாய் என்று தனித்தனியாக இறங்கும், ஒரே வீட்டுக்கு மூன்று நான்கு மீட்டர் தேவைப்படலாம். பதிலாக, தொட்டியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு குழாய்க்கும் ஒன்று போட முடியுமா என்று பிளம்பரிடம் கேளுங்கள். மேல்மாடியில் வேகம் குறையலாம், அதையும் கேட்டுவிடுங்கள். ஒரே குழாயில் தொங்கும் 101, 201, 301, 401 வீடுகள் தானாகவே ஒரு சிறு வட்டம். வாராவாரம் அந்தக் குழாயின் மொத்த அளவை லிஃப்ட் பக்கத்தில் ஒட்டுங்கள். வீட்டு எண் போட்டுக் குற்றம்சாட்ட வேண்டாம், நால்வருக்குள் அவர்களே பேசிக்கொள்வார்கள். குப்பை பிரிப்பது, கூரியர் வாங்கி வைப்பது போன்றவற்றை மாடி வாரியாக விடுங்கள். தண்ணீருக்குச் செங்குத்தாக ஒரு வட்டம், மற்றதற்குக் குறுக்காக ஒரு வட்டம் என்று பின்னினால்தான் கம்பிகளுக்கு நடுவே துணி வரும்.

செய்தி பரப்ப உங்களைவிடப் பொருத்தமானவர்கள் இருக்கிறார்கள். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலான பொருளாதார ஆய்வாளர்கள் கர்நாடகக் கிராமங்களில், "ஒரு சேதி ஊர் முழுக்கப் பரவ வேண்டுமென்றால் யாரிடம் சொல்வீர்கள்?" என்று மக்களையே கேட்டார்கள். ஊர்ப் பெரியவர்களிடம் சொன்னதைவிட, மக்கள் பெயர் சொன்னவர்களிடம் சொன்னபோது சேதி கூடுதலாகப் பரவியது. நீங்களும் பிளாக்குக்குப் பத்து வீட்டில் தனித்தனியாக இதே கேள்வியைக் கேளுங்கள். திரும்பத் திரும்ப வரும் பெயர் ஸ்கூல் வேனுக்குக் காத்திருக்கும் ஒரு பாட்டியாகவோ இஸ்திரிக்காரராகவோ இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. நெருக்கமான வலைக்குக் கோரமான முகமும் உண்டு. ஊர்விலக்கு வைத்த கிராமங்களில் ஒற்றுமைக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. வாடகைக்காரர், வேறு மொழிக்காரர், தனியாகத் தங்கியிருக்கும் பெண்கள் என்று பழி எளிதாகச் சாயும் இடங்கள் உங்கள் குடியிருப்பிலும் இருக்கும். யார் வீட்டுக் குழாயையும் மூடாதீர்கள். அளவு திடீரென எகிறினால் முதலில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் நேரில் பேச்சு, அதற்கும் பிறகுதான் அபராதம்.

வாடகைக்காரர்களைச் சங்கக் கூட்டத்துக்குக் கூப்பிடுகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் அடுத்த கூட்டத்திலிருந்தே கூப்பிடுங்கள். வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளருக்கு பில் போனால் போதும், குழாயைத் திறப்பது அவரில்லையே.