வாசகர் கேள்வி – பதில்: பல்பண்பாட்டுப் படங்களுக்குத் தனி விருது ஏன்?

கேள்வி: சர்வதேசத் திரைப்பட விழா என்றாலே பல நாட்டுப் படங்கள் கூடும் இடம்தானே? அங்கே பல்பண்பாட்டுத் திரைப்படத்துக்கு என்று தனியாக ஒரு விருது எதற்கு?

பதில்: பல நாட்டுப் படங்கள் ஓரிடத்தில் திரையிடப்படுவது வேறு, ஒரே படத்துக்குள் பல பண்பாடுகள் ஒன்றையொன்று எதிர்கொள்வது வேறு. முன்னதற்கு நல்ல தேர்வுக் குழு ஒன்றும் சில திரையரங்குகளும் போதும். பின்னதோ, வீட்டில் ஒரு மொழியும் தெருவில் இன்னொரு மொழியும் பேசி வாழ்கிறவர்களின் உலகத்தை அதன் முரண்களோடு எழுதி, அதற்கேற்ற நடிகர்களைத் தேடிக் கண்டுபிடித்து, எந்தப் பக்கத்துப் பார்வையாளருக்கும் அந்நியப்பட்டுப் போகாமல் சொல்லி முடிக்க வேண்டிய கடினமான வேலை. முதன்மைப் போட்டியின் நடுவர்கள் இந்த உழைப்பைக் கவனிக்கலாம், கவனிக்காமலும் போகலாம்; அவர்களுக்கு வேறு பல அளவுகோல்கள் இருக்கின்றன.

ஆகவேதான் பெரிய விழாக்களில் முதன்மை நடுவர் குழுவுக்கு வெளியே சுயேச்சையான குழுக்கள் இயங்குகின்றன. கான் திரைப்பட விழாவில் 1974 முதல் கிறித்தவத் திருச்சபைகளின் கூட்டு நடுவர் குழு தனி விருது வழங்கி வருகிறது. 1990இல் தொடங்கப்பட்ட நெட்பேக் என்னும் ஆசியத் திரைப்பட அமைப்பின் நடுவர்கள் பல நாட்டு விழாக்களில் ஆசியப் படங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பல்பண்பாட்டு விருதையும் இந்த வரிசையில் வைத்துப் பார்ப்பதே பொருத்தம்.

கேள்வி: 2015இல் கான் விழாவின் தங்கப் பனை விருதைப் பெற்ற ‘தீபன்’ படத்தின் இயக்குநர் பிரெஞ்சுக்காரர், உரையாடலில் பெரும்பகுதி தமிழ். அது யாருடைய படம்? அதைப் பல்பண்பாட்டுப் படம் என்று சொல்லலாமா?

பதில்: தயாரிப்பின் கணக்கில் அது பிரெஞ்சுப் படம். ஆனால் இலங்கைப் போரிலிருந்து தப்பி, இறந்துபோன ஒரு குடும்பத்தின் கடவுச்சீட்டுகளோடு பிரான்சுக்கு வந்து சேரும் மூவரை இயக்குநர் ழாக் ஓதியார் தம்முடைய பார்வையில் மட்டும் வைத்து எடுத்திருந்தால், அது பரிவு மிகுந்த ஒரு வெளியாளின் படமாகவே நின்றுபோயிருக்கும். முதன்மைப் பாத்திரத்தில் நடித்த அந்தோணிதாசன் யேசுதாசன், சிறுவயதில் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்தவர், பின்னர் பிரான்சில் தஞ்சமடைந்தவர். ஷோபாசக்தி என்ற பெயரில் தமிழ் வாசகர்களுக்கு நன்கு அறிமுகமான எழுத்தாளர். அவருடைய பேச்சிலும் உடலசைவிலும் இருக்கும் அனுபவம், திரைக்கதையில் எழுதித் தந்துவிடக் கூடியது அல்ல.

என் மதிப்பீட்டில், கணவனும் மனைவியும் மகளுமாக நடிக்க வேண்டிய கட்டாயத்தில் இருக்கும் மூன்று அந்நியர்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வாழப் பழகும் பகுதிகளே படத்தின் உயிர். புது நாட்டின் மொழியைப் பள்ளியில் கற்கும் சிறுமி, பெரியவர்களுக்காகப் பேச முன்னால் போய் நிற்க வேண்டியவளாகிறாள். குடும்பத்தின் அதிகார வரிசையே அங்கு தலைகீழாகிறது. புலம்பெயர்ந்த எந்தச் சமூகத்தவரும் இதை அடையாளம் கண்டுகொள்வார்கள். வன்முறை வெடிக்கும் இறுதிப் பகுதி பற்றி விமர்சகர்கள் இருவேறாகப் பிரிந்தார்கள். அங்கே படம் பழக்கப்பட்ட வேறொரு வகைமைக்குள் நழுவிவிடுகிறது என்ற குறையை நானும் ஏற்கிறேன். எனினும் பல்பண்பாட்டுப் படம் என்று அதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

கேள்வி: இத்தகைய படங்களுக்கு மொழி விதிகள் தடையாக இருப்பதில்லையா?

பதில்: நன்றாகவே இருந்திருக்கின்றன. ஆஸ்கர் விருதின் அயல்மொழிப் பிரிவில், அனுப்பும் நாட்டின் மொழியிலேயே படம் இருக்க வேண்டும் என்ற விதி 2006இல்தான் தளர்த்தப்பட்டது. அதன் பயனாக, தீபா மேத்தாவின் இந்திப் படமான ‘வாட்டர்’ கனடாவின் சார்பில் சென்று பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்றது. ‘தீபன்’ வெளிவந்த ஆண்டில் பிரான்ஸ் அனுப்பியதோ அங்காராவில் பிறந்த டெனிஸ் கம்ஸே எர்குவென் துருக்கி மொழியில் எடுத்த ‘முஸ்டாங்’ படத்தை. அதுவும் பரிந்துரை பெற்றது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2019இல் அந்தப் பிரிவின் பெயரைச் சர்வதேசத் திரைப்படம் என்று மாற்றினார்கள். உரையாடலில் பாதிக்கு மேல் ஆங்கிலம் அல்லாத மொழியில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை மட்டும் மாற்றவில்லை. அதே ஆண்டில் நைஜீரியா முதன்முறையாக அனுப்பிய ‘லயன்ஹார்ட்’ நீக்கப்பட்டது. ஆங்கிலம் ஆட்சிமொழியாக உள்ள ஒரு நாட்டில், இக்போவும் ஆங்கிலமும் கலந்து பேசும் மனிதர்களை உள்ளபடியே காட்டியதுதான் அந்தப் படம் செய்த குற்றம். மொழி விழுக்காட்டைப் பார்க்காத பல்பண்பாட்டு விருதுகளின் தேவையை இதைவிடத் தெளிவாக விளக்க முடியாது.

கேள்வி: பல இனத்து நடிகர்களைச் சேர்த்துக்கொண்டால் விருதுக்குத் தகுதி வந்துவிடுமா?

பதில்: வராது, வரவும் கூடாது. தலைகளை எண்ணுவது வேறு அலுவலகத்தின் வேலை. ஐரோப்பிய மன்றத்தின் 1992ஆம் ஆண்டுக் கூட்டுத் தயாரிப்பு ஒப்பந்தத்தில் இயக்குநர் ஐரோப்பியராக இருந்தால் 3, கதாசிரியர் ஐரோப்பியராக இருந்தால் 3 என்று புள்ளிகள் வகுத்து, மொத்தம் 19இல் 15 இருந்தால் அதை ஐரோப்பியப் படமாகக் கொள்ளலாம் என்று எழுதினார்கள். நிதியுதவிக்கு அப்படி ஒரு கணக்கு தேவைப்படலாம். விருதுக்கான நடுவர்கள் கணக்குப் பிள்ளைகளாகிவிட்டால், முகங்கள் பலவாகவும் பார்வை ஒன்றாகவும் இருக்கிற படங்களே பரிசு பெறும்.

கேள்வி: முதன்மைப் பரிசு கிடைக்காதவர்களைச் சமாதானப்படுத்தும் ஆறுதல் பரிசாக இது ஆகிவிடாதா?

பதில்: கேடயமும் கைதட்டலும் மட்டும் தந்தால் அப்படித்தான் ஆகும். ஐரோப்பிய நாடாளுமன்றம் 2007இல் தொடங்கிய லக்ஸ் விருதை இதற்கு மாற்றாகக் காட்டுவேன். முதல் ஆண்டில் அது ஹாம்பர்க்கில் துருக்கியப் பெற்றோருக்குப் பிறந்த ஃபாத்தி அக்கினின் ‘சொர்க்கத்தின் விளிம்பு’ படத்துக்குக் கிடைத்தது. மேலே சொன்ன ‘முஸ்டாங்’ 2015இல் அதே விருதைப் பெற்றது. அக்கினின் படம் கான் விழாவில் திரைக்கதைப் பரிசையும் திருச்சபைகளின் நடுவர் குழு விருதையும் வென்றது என்பதால், அதை ஆறுதல் தேடி வந்த படம் என்று யாரும் சொல்ல முடியாது. லக்ஸ் விருதின் தனிச்சிறப்பு, வென்ற படத்துக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்சிமொழிகள் அனைத்திலும் துணைத்தலைப்பு இட அது பொறுப்பேற்றதுதான். ஐந்தாறு மொழிகளின் எல்லையைத் தாண்ட முடியாமல் விநியோகத்தில் முடங்கிப்போவதே இத்தகைய படங்களின் பெருந்துயரம். ரொக்கத்தைவிட அந்த உதவி பெரிது.

கேள்வி: இரு மொழிக் குறும்படம் ஒன்றை முடித்திருக்கிறோம். இத்தகைய விருதுக்கு அனுப்பும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் விதிமுறைகளில் நடுவர்கள் யார், எதை அளவுகோலாகக் கொள்கிறார்கள் என்று படியுங்கள். அளவுகோலைச் சொல்லாத விருதுக்கு நுழைவுக் கட்டணம் கட்டுவது வீண். இதற்கு முன் இணையத்தில் வெளியிட்ட படத்தைச் சில விழாக்கள் ஏற்பதில்லை. பயன்படுத்திய பாடல்களுக்கு எழுத்து மூலமான அனுமதியும் கேட்பார்கள். எல்லாவற்றையும்விடத் துணைத்தலைப்பில் கவனம் தேவை. பாத்திரம் ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிற இடத்தை, இரண்டையும் அறியாத நடுவரும் உணரும்படி, எழுத்தின் நிறத்தாலோ சாய்வாலோ வேறுபடுத்திக் காட்டுங்கள். இரண்டும் ஒரே எழுத்தில் ஓடினால், நீங்கள் எழுதிய அந்த மாற்றம் அவருக்குத் தெரியாமலே போய்விடும்.