ஆட்டோக்காரருக்கு ஒரு வரி

அன்புள்ள ஐயா,

போன வாரம் திண்டிவனம் பக்கத்தில் ஒரு விபத்து. பைக்கில் வந்த பையன் ரத்தத்தில் கிடக்கிறான். சுற்றி நின்ற இருபது முப்பது பேரில் பாதிப் பேர் கையில் செல்போன், வீடியோ. கடைசியில் ஒரு ஆட்டோக்காரர் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். நானும் சும்மா நின்றேன், அதுதான் உறுத்துகிறது. 1964-ல் நியூயார்க்கில் ஒரு பெண் குத்திக் கொல்லப்பட்டதை 38 பேர் வேடிக்கை பார்த்ததாகப் படித்திருக்கிறேன். மனிதனின் இயல்பே இவ்வளவுதானா?

ர., விழுப்புரம்

அன்புள்ள ர.,

அந்த 38 பேர் கதையை நானும் பல வருடம் நம்பினேன். மேடையில் வேறு சொல்லித் தொலைத்திருக்கிறேன்.

கிட்டி ஜெனோவீஸுக்கு 28 வயது. மார்ச் 13, விடியற்காலை மூன்றே கால் மணிவாக்கில் வீடு திரும்பும்போது தாக்கப்பட்டார். மாடியிலிருந்து ஒருவர் சத்தம் போட்டதும் கொலையாளி ஓடினான். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, கட்டடத்தின் பின்பக்கம் படிக்கட்டு அடியில் மறுபடி குத்தினான். தெருப்பக்க ஜன்னல்களுக்கு அந்த இடம் தெரியாது. பெரும்பாலானவர்கள் கேட்டது ஒரு அலறல், அவ்வளவுதான். பார்த்தும் பேசாமல் இருந்தவர்கள் உண்டு. கதவைத் திறந்து பார்த்துவிட்டுச் சாத்திக்கொண்ட ஒருவர் உட்பட. அவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.

ஆனால் சோஃபியா ஃபரார் என்று பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் இருந்தார். விஷயம் காதில் விழுந்ததும் இறங்கி ஓடினார். கொலையாளி இன்னும் அங்கேயே நிற்கிறானா என்பதுகூட அவருக்குத் தெரியாது. ஆம்புலன்ஸ் வரும்வரை கிட்டியைக் கையில் தாங்கிக்கொண்டிருந்தார். 38 என்று எண்ணிச் சொன்ன நியூயார்க் டைம்ஸ் செய்தியில் இவர் இல்லை! அந்தச் செய்தியில் பிழைகள் இருந்ததை அந்த நாளிதழே 2016-ல் ஒப்புக்கொண்டது.

அந்தச் செய்தி கிளப்பிய கேள்வியோடு டார்லி, லட்டானே என்ற உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்து 1968-ல் வெளியிட்டார்கள். தனி அறை, இன்டர்காம், மறுமுனையில் யாருக்கோ வலிப்பு வருவது போன்ற குரல். தான் மட்டுமே கேட்கிறோம் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் அந்தக் குரல் அடங்குமுன் உதவி தேடி எழுந்தார்கள். இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 சதவீதம்தான். எழாதவர்கள் கல்நெஞ்சர்களா? போய்ப் பார்த்தால் பலருக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. தனியாக இருந்திருந்தால் அவர்களிலும் பலர் எழுந்திருப்பார்கள். இதில் எதை இயல்பு என்பது?

நம் ஊரில் போலீஸ், கோர்ட், சாட்சி என்ற பயம் கூடுதல். உதவியவர் பெயரைச் சொல்லும்படி போலீஸ் கட்டாயப்படுத்தக் கூடாது என்று, 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்திய பிறகு வந்த விதிகள் சொல்கின்றன. தெருவில் நிற்பவனுக்கு அது யார் சொல்லி எப்போது தெரியப்போகிறது?

சரி, உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். ஃபராருக்குக் கிடைக்காத ஒரு வரியை அந்த ஆட்டோக்காரருக்குக் கொடுத்திருக்கிறீர்கள். போதாது. அந்தப் பக்கத்து ஸ்டாண்டில் விசாரித்தால் ஆள் கிடைப்பார். பையன் பிழைத்தானா, சீட்டில் படிந்த ரத்தத்தை யார் கழுவினார்கள், அன்றைக்கு அப்புறம் சவாரி எடுத்தாரா என்று கேட்டு எழுதுங்கள்.