மூல அறுவைக்குப் பின் வயிறு உப்புகிறதா? முதலில் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: எனக்கு 46 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். 9 நாட்களுக்கு முன் மூலத்துக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டேன். ஆஸ்பத்திரியில் தந்த வலி மாத்திரையைச் சாப்பிட்டுவருகிறேன். புண் வலி குறைந்துவிட்டது. ஆனால் நான்காம் நாளிலிருந்து வயிறு மத்தளம்போல் உப்பி, இரண்டு இட்லி சாப்பிட்டாலே திம்மென்று ஆகிவிடுகிறது. மலம் கழிக்கவும் பயமாக இருக்கிறது. இரவில் படுக்கும்போது இசப்கோல் பொடி இரண்டு ஸ்பூன் அரை டம்ளர் நீரில் கலந்து குடிக்கிறேன். மருந்துக்கடையில் கொடுத்த கேஸ் சிரப் கேட்கவில்லை. 'மூலத்தின் வேர் உள்ளேயே தங்கிவிட்டது, அதனால்தான் வாயு ஏறுகிறது' என்று தெரிந்தவர் ஒருவர் ஒரு மண்டலத்துக்குச் சூரணம் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். அறுவை தோற்றுவிட்டதா?

பதில்: அறுவை தோற்கவில்லை. உங்களுக்கு அறுவை நடந்த இடம் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் நீளமுள்ள ஆசனவாய்க் குழாய். உப்புசம் உண்டாகும் இடமோ அதற்கு மேலே சுருண்டு கிடக்கும் குடல். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் வலி மாத்திரை, குறைந்த நீரில் குடிக்கும் பொடி, மலத்தை அடக்கும் பயம் ஆகிய மூன்றும் சேர்ந்து குடலை மந்தப்படுத்தியிருக்கின்றன.

வலி மாத்திரையின் அட்டையைத் திருப்பி, பாராசிட்டமாலுடன் டிரமடால் என்ற பெயரும் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மூல அறுவைக்குப் பின் முதல் சில நாட்களின் கடும் வலிக்கு இக்கூட்டு மாத்திரையைப் பலர் எழுதித் தருகிறார்கள், அதில் தவறில்லை. ஆனால் டிரமடால் வலியை மழுங்கடிப்பதோடு குடலின் அசைவையும் தளர்த்தும்; அசைவு தளர்ந்த குடலில் மலமும் வாயுவும் நின்ற இடத்திலேயே நிற்கும். வலி குறைந்துவிட்ட நிலையில் பாராசிட்டமால் மட்டும் போதுமா என்று அறுவை செய்த மருத்துவரிடம் இன்றே தொலைபேசியில் கேளுங்கள். இதை வீட்டுக்கு அனுப்பும்போதே யாராவது சொல்லியிருக்க வேண்டும். நம் மருத்துவமனைகளில் தரும் டிஸ்சார்ஜ் தாளில் நார்ச்சத்து உணவு, நிறையத் தண்ணீர் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். எவ்வளவு, எப்படி, எந்த மாத்திரையை எப்போது நிறுத்துவது என்பது எதுவும் இருக்காது. தமிழில் அரைப் பக்கம் அச்சடித்துக் கொடுப்பதற்கு என்ன தடை என்று பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன். இன்னும் பதில் கிடைக்கவில்லை.

அடுத்து, பொடி. ஒரு தேக்கரண்டி இசப்கோலைக் கால் டம்ளர் நீரில் போட்டு ஐந்து நிமிடம் வைத்துப் பாருங்கள். டம்ளரைச் சாய்த்தாலும் வழியாத கெட்டிக் கூழாகியிருக்கும். இரண்டு ஸ்பூனை அரை டம்ளரில் கரைத்துக் குடித்துவிட்டு உடனே படுத்தால் அந்தக் கூழ்தான் உங்கள் வயிற்றில் நிற்கிறது. ஒரு தேக்கரண்டிக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். 250 மில்லி கொள்ளும் முழு டம்ளரில் கலந்து உடனே குடித்துவிட்டு, அதன்மேல் இன்னொரு டம்ளர் வெறும் நீர் குடியுங்கள். படுக்கும் நேரத்தில் வேண்டாம், மாலை ஆறு மணிக்குக் குடியுங்கள். மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் சிரப்பும் தந்திருந்தால், அதைக் குடலிலுள்ள கிருமிகள் நொதிக்கச் செய்வதால் முதல் சில நாட்கள் வாயு கூடும். அது பெரும்பாலும் தானே தணியும்.

இப்போது பயம். மலத்தை அடக்க அடக்கக் குடல் அதிலுள்ள நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மலம் இறுகும், நாளை வலி இன்னும் கூடும். காலைக் காபிக்குப் பிறகு உந்துதல் வந்த உடனே போங்கள். வெஸ்டர்ன் கழிப்பறையானால் கால்களுக்கு அடியில் சிறு ஸ்டூல் வைத்து முழங்காலை உயர்த்தி உட்காருங்கள், முக்காதீர்கள். முடித்ததும் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் உட்காருங்கள்.

இந்த இடத்தில் ஒரு விதிவிலக்கை விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. சில நாட்கள் மலம் போகாமல் இருந்துவிட்டுத் திடீரென்று தண்ணீராகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய ஆரம்பித்தால், அதை வயிற்றுப்போக்கு என்று எண்ணிவிடாதீர்கள். கீழே கல்லாக இறுகி நிற்கும் மலத்தின் ஓரமாக மேலே உள்ள நீர் வழிகிறது என்பதே பெரும்பாலும் அதன் பொருள். என்னிடம் வந்த ஒரு முதியவர், கசிவைக் கண்டு பொடியையும் சிரப்பையும் நிறுத்திவிட்டு, கடையில் கேட்டு, பேதியை நிறுத்தும் லோபரமைடு மாத்திரை வாங்கி இரண்டு நாள் விழுங்கியிருந்தார். வயிறு பாறையாக இருந்தது. மயக்க மருந்து கொடுத்துத்தான் அடைப்பை எடுக்க முடிந்தது. அத்தகைய கசிவு வந்தால் நிறுத்தும் மாத்திரை எதையும் தொடாதீர்கள். வீட்டில் எனிமா கொடுத்துக்கொள்ளவும் கூடாது, புண் கிழிந்துவிடும். நேரே மருத்துவரிடம் செல்லுங்கள்.

உணவில் இப்போதைக்குச் சுண்டல், முளைகட்டிய பயறு, பச்சைக் காய்கறி ஆகியவை வேண்டாம். நார்ச்சத்து நல்லது என்று ஒரே நாளில் கூட்டினால் வாயுதான் கூடும். குழையச் சோறு, பாசிப்பருப்பு, வேகவைத்த கீரை, பெருங்காயம் போட்ட நீர்மோர் ஆகியவை ஏற்கும். சோடாவும் நுரைக்கும் உப்புப் பொடிகளும் ஏப்பத்தை வரவழைத்துத் தணிந்ததுபோல் காட்டுமே தவிர, வயிற்றுக்குள் மேலும் வாயுவையே சேர்க்கின்றன. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து பத்து நிமிடம் வீட்டுக்குள் நடப்பதே சிறந்த வாயு மருந்து.

இனி அந்தச் சூரணக்காரர். மூலம் என்ற சொல்லுக்கு வேர் என்றும் பொருள் இருப்பதால் 'வேர் உள்ளே இருக்கிறது' என்ற பேச்சு நம்மவர்களிடம் எளிதில் எடுபடுகிறது. மூலத்துக்கு வேர் கிடையாது. இரத்தக் குழாய்கள் நிறைந்த மெத்தை போன்ற திசு எல்லோருடைய ஆசனவாயிலும் பிறப்பிலிருந்தே உண்டு. அது வீங்கி இறங்குவதையே மூலம் என்கிறோம். பேருந்து நிலையச் சுவரெங்கும் 'அறுவையின்றி ஒரே நாளில் குணம்' என்று ஒட்டியிருக்கும் சுவரொட்டிகளை நம்பிப் போய், ஆசனவாயில் காரமான ஊசியைப் போட்டுக்கொண்டு, திசு வெந்து, வழி சுருங்கி, விரல்கூட நுழையாத நிலையில் வந்தவர்களுக்கு நான் மீண்டும் அறுவை செய்திருக்கிறேன். நோயாளிகள் கொண்டுவந்து காட்டிய சூரணப் பொட்டலங்களில் பெரும்பாலானவற்றில் சேர்மானம் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. நிலாவாரை அதிகம் சேர்ந்த பொடியானால் உப்பியிருக்கும் வயிற்றை முறுக்கி இழுத்துப் பேதியாக்கும். ஆறாத புண்ணின் வழியே அத்தனை முறை போவது எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். சித்த மருத்துவத்தை நான் குறை கூறவில்லை; பதிவுபெற்ற சித்த மருத்துவர் ஒருவரும் உங்கள் புண்ணைப் பார்க்காமல் பொட்டலம் கொடுக்கமாட்டார். 'மறுபடி லேசர் வைத்தால் சரியாகிவிடும், ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிப்போகிறேன்' என்று அடுத்து யாராவது வந்தால், அவருக்கு அங்கிருந்து கமிஷன் எவ்வளவு என்று முகத்துக்கு நேரே கேளுங்கள். இத்தனை ஆண்டுகளாக இவர்களை யாரும் தட்டிக்கேட்காததால்தான் இவர்கள் வீடு வரை வருகிறார்கள்.

வாந்தி வந்தாலும், வாயுகூடப் பிரியாமல் வயிறு கல்லாக இறுகினாலும், காய்ச்சலோடு சிறுநீர் கழிக்கச் சிரமம் இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அறுவைக்குப் பின் 7 முதல் 14 நாட்களுக்குள் புண்ணின் பொருக்கு உதிரும்போது சிலருக்குத் திடீரென்று இரத்தம் கட்டிகட்டியாக வரலாம். நீங்கள் அந்த நாட்களில்தான் இருக்கிறீர்கள். துடைக்கும்போது தெரியும் இரண்டு சொட்டுக்கு அஞ்ச வேண்டாம். கழிப்பறைப் பீங்கான் சிவந்தால் இரவு எத்தனை மணியானாலும் கிளம்புங்கள், மாத்திரை அட்டைகள் அனைத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.