மின்சாரம் திரும்பியதும் அறுந்துபோகும் இணைப்பு

தென்னாப்பிரிக்காவின் டோங்காட்டில் வசிக்கும் வாசகர் ஒருவர், மழைநீருக்காக வைத்த ஜோஜோ பிளாஸ்டிக் தொட்டியின் மட்டத்தைக் கைப்பேசியில் பார்க்கவும் மோட்டாரை இயக்கவும் இஎஸ்பி8266 என்ற வைஃபை சில்லு கொண்ட சிறு கருவி ஒன்றை ஆள் வைத்துப் பொருத்தியிருக்கிறார். லோட் ஷெட்டிங் எனும் சுழற்சி மின்வெட்டு முடியும்போதெல்லாம் அதன் டிஎல்எஸ் இணைப்பு (இணையத்தில் செல்லும் தகவலைக் குறியாக்கிக் காக்கும் இணைப்பு) அறுந்துபோக, பொருத்தியவர் நிரலில் ஒரு வரியைச் சேர்த்துவிட்டு, "குறியாக்கம் அப்படியேதான் இருக்கிறது, கவலை வேண்டாம்" என்றாராம். நம்பலாமா என்று வாசகர் கேட்கிறார்.

நம்ப வேண்டாம். அந்த வரி அநேகமாக 'செட்இன்செக்யூர்' என்பதாக இருக்கும். அதன் வேலை, கருவி இணையும் சர்வரின் சான்றிதழை, அதாவது அதன் அடையாள அட்டையை, சரிபார்க்காமல் விடுவது. குறியாக்கம் நடப்பது உண்மைதான், ஆனால் யாரோடு என்று கருவி கேட்பதில்லை. ஆகவே உங்கள் வைஃபைக்குள் நுழைந்த எவரும் நடுவில் நின்று தாமே சர்வர் என்று சொன்னால், கருவி தன் கடவுச்சொல்லை அவரிடம் ஒப்படைத்து, மோட்டாரை ஓட்டும் கட்டளையையும் அவரிடமிருந்தே பெற்றுக்கொள்ளும்.

உண்மையான பழுது கடிகாரத்தில் இருக்கிறது. மின்சாரம் போனால் நேரத்தை மறந்துவிடும் இந்தச் சில்லு, 1970 ஜனவரி 1 என்று எண்ணியபடி விழிக்கிறது. அந்தக் கணக்கில் சான்றிதழின் தொடக்க நாளே இன்னும் வரவில்லை, ஆகவே கருவி அதை ஏற்பதில்லை. இணையத்தில் சரியான நேரம் சொல்லும் என்டிபி மூலம் நேரத்தைக் கேட்கலாம் என்றால், அதே மின்வெட்டில் அணைந்த ரவுட்டர் எழுந்திருக்கவே ஓரிரு நிமிடம் ஆகும். எனவே சரியான நேரம் கிடைக்கும்வரை காத்திருந்து, பிறகே இணைப்பைத் திறக்கும்படி நிரலை எழுதச் சொல்லுங்கள்.

என்டிபிக்கு வழியில்லாத இடம் மட்டும் விதிவிலக்கு. அங்கே டிஎஸ்3231 போன்ற, நாணய மின்கலத்தில் ஓடும் கடிகாரம் வேண்டும். அதுவும் இயலாவிட்டால், கடைசியாக அறிந்த நேரத்தை ஃபிளாஷில் (மின்சாரம் போனாலும் மறக்காத நினைவகத்தில்) எழுதிவைத்து, விழித்ததும் அதிலிருந்து தொடங்கலாம். மணிக்கு ஒருமுறை எழுதினால் போதும். நொடிக்கொரு முறை எழுதினால் ஃபிளாஷ் விரைவில் தேய்ந்துபோகும். நீண்ட நாள் அணைந்து கிடந்த கருவிக்கு இந்த உபாயம் பொருந்தாது.

இன்னொரு வலையும் விரிக்கப்படலாம். "வேண்டுமானால் சர்வரின் சான்றிதழையே உள்ளே பதித்துவிடுகிறேன்" என்பார் பொருத்தியவர். சான்றிதழ்களை இலவசமாகத் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் வழங்கும் வழக்கமான சான்றிதழ் 90 நாள்தான் செல்லும். அது மாறும்போதெல்லாம் கருவி நிற்கும், அவர் வருவார், கட்டணம் கேட்பார். பதிக்க வேண்டியது மூலச் சான்றிதழ், அதாவது சான்றிதழ் வழங்கும் அமைப்பின் சொந்தச் சான்றிதழ். லெட்ஸ் என்கிரிப்டின் ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1 என்பது 2035 வரை செல்லும். சுவரில் மின்கம்பி இழுத்தவரிடம் இணக்கச் சான்று கேட்கும் இந்த நாட்டில், வீட்டுக்கு இணையத்தில் ஒரு கதவு திறந்து வைப்பவரிடம் யாரும் ஒரு காகிதமும் கேட்பதில்லை.

அவர் மறுபடி வரும்போது, காலாவதியான சான்றிதழ் கொண்ட ஒரு சோதனைத் தளத்தோடு கருவியை இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். இணைந்துவிட்டால் சான்றிதழை அது இன்னும் சரிபார்ப்பதில்லை என்று பொருள், பணம் கொடுக்காதீர்கள்.