கையெழுத்து ஏன் சிறுத்தது?

கேள்வி (சுருக்கப்பட்டது): வயது 66. பினாங்கு லிட்டில் இந்தியாவில் நகைப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது பட்டர்வொர்த்தில் மகன் வீட்டில் இருக்கிறேன். 14 வருடமாக இரண்டு கையும் நடுங்குகிறது. அப்பாவுக்கும் இதே மாதிரிதான். புரோப்ரனலால் 40 மில்லிகிராம் மூன்று வேளை சாப்பிடுகிறேன். பிரிமிடோன் கொடுத்தார்கள், நாள் முழுக்கத் தூக்கம், விட்டுவிட்டேன். இப்போது நரம்பு டாக்டர் மூளையில் கம்பி வைக்கும் ஆபரேஷனுக்குப் பெயர் கொடுக்கச் சொல்கிறார். வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. ரிமோட்டை அமுக்கினால் ஒருவர் கை நிற்கிறது, மறுபடி அமுக்கினால் ஆடுகிறது. பார்த்த நாளிலிருந்து தூக்கம் இல்லை. அதற்குப் பிறகு பேசுவது நானா, மிஷினா? கண் இமை துடிக்கிறது, ராத்திரியில் கெண்டைக்கால் இழுக்கிறது, பெயர்கள் மறந்து போகின்றன. எழுந்து நின்றால் தலைசுற்றல். அதற்கு மட்டும் நானே ஃபார்மசியில் சின்னரிசின் வாங்கி எட்டு மாதமாகப் போடுகிறேன். ஒரு பெக் போட்டால் கை நிற்கிறது. தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கலாமா? "தாத்தா ஒரு கையை மட்டும் வீசி மிலிட்டரி நடை நடக்கிறார்" என்று பேத்தி கிண்டல் செய்கிறாள். இந்தக் கடிதமும் அவள் எழுதுவதுதான். கையெழுத்து மட்டும் என்னுடையது.

பதில்: ஐயா, பேசுவது நீங்கள்தான். அந்தக் கேள்வியை முழுக் கடிதத்தில் இரண்டு இடத்தில் எழுத வைத்திருக்கிறீர்கள், அதனால் முதலில் அதற்கே வருகிறேன்.

நடுக்கம் உங்கள் கையில் பிறப்பதில்லை. சிறுமூளை, மூளையின் நடுவே இருக்கும் தலாமஸ், மூளையின் மேற்புறணி என்று மூன்றுக்கும் இடையே ஓயாமல் சேதி சுற்றிவருகிறது. கை இப்போது எங்கே இருக்கிறது, இன்னும் எவ்வளவு நகர வேண்டும் என்று கணக்குப் பார்ப்பது அந்தச் சுற்றின் வேலை. உங்களுக்கு இருக்கும் எசென்ஷியல் டிரெமர் என்ற நடுக்க நோயில் அந்தச் சுற்றுக்குள் வேண்டாத ஒரு தாளம் புகுந்துகொள்கிறது, நொடிக்கு 4 முதல் 12 தடவை. கம்பியின் நுனி போய் நிற்பது தலாமஸில் அந்தச் சுற்று கடந்து போகும் சிறு முடிச்சில். வி.ஐ.எம். என்று நாங்கள் சொல்வது அதைத்தான். உங்கள் நினைவும் சுபாவமும் அங்கே குடியிருக்கவில்லை.

உங்களைத் தூங்க விடாத அந்த வீடியோ எனக்கு ஆறுதலாக இருக்கிறது. அணைத்ததும் நடுக்கம் திரும்பிவந்தது என்றால் உள்ளே எதையும் சுட்டுப் பொசுக்கவில்லை என்று அர்த்தம். ரிமோட்டும் உங்கள் சட்டைப்பையில்தான் இருக்கும், டாக்டர் கையில் இல்லை. தூங்கும்போது கை ஆடாது என்பதால், பேட்டரியை மிச்சம்பிடிக்க ராத்திரியில் அணைத்துவிட்டுப் படுப்பவர்களும் உண்டு.

இந்த வைத்தியம் பிறந்த கதையும் அதுதான். முன்பெல்லாம் தலாமஸில் ஒரு புள்ளியைச் சுட்டுவிடுவார்கள். சுடுமுன் இடம் சரிதானா என்று மின்சாரம் விட்டுப் பார்ப்பது வழக்கம். பிரான்ஸில் கிரெனோபிள் நகரத்து மருத்துவர் அலிம் லூயி பெனாபித் அப்படிச் சோதிக்கையில், மின்துடிப்பை நொடிக்கு 100 அளவுக்கு ஏற்றியதும் நடுக்கம் நின்றது. நிறுத்தினார், திரும்ப வந்தது. அப்புறம் சுடுவானேன், மின்சாரத்தையே உள்ளே விட்டுவைத்தால் என்ன என்று யோசித்தார். அது 1987. அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இந்த நடுக்கத்துக்கு அனுமதி கொடுத்தது 1997-இல்.

ஆபரேஷனைப் பற்றி ஒரு பொற்கொல்லரிடம் நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஒரு மில்லிமீட்டரை விடச் சற்றே தடித்த கம்பி. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளிப் போனால் கை நிற்பதற்குப் பதில் நாக்கு குழறும், முகம் மரத்துப்போகும். அதனால் பெரும்பாலும் உங்களை விழிக்க வைத்தே செய்வார்கள். தோலை மரக்கச் செய்தால் போதும், மூளைக்கு வலி தெரியாது. படுத்தபடியே காகிதத்தில் ஒரு சுருள் வரையச் சொல்வார்கள். மின்சாரம் இல்லாமல் வரைந்தது சிக்கிய நூற்கண்டு மாதிரி இருக்கும். மின்சாரம் விட்ட பிறகு அதே கை கொசுவர்த்திச் சுருள் போட்டுக் காட்டும். பிறகு காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் பேஸ்மேக்கர் போன்ற ஒரு பெட்டி.

ஆபத்தே இல்லை என்று எவராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். மூளையில் ரத்தக்கசிவு ஏற்படுவது நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு. கிருமித் தொற்று அதைவிடச் சற்று அதிகம். இரண்டு பக்கமும் வைத்தால் பேச்சு குழறுவதும் நடை தள்ளாடுவதும் கூடும், ஆகவே பலருக்கு எழுதும் கைக்கு மட்டும் முதலில் வைப்பார்கள். சாதாரணப் பேட்டரியைச் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சார்ஜ் செய்யும் வகை 15 வருடம் வரை ஓடும். நோய் போகாது, நடுக்கம்தான் அடங்கும். கம்பி வைத்த பிறகு தோள்வலி என்று எந்த பிசியோதெரபி நிலையத்துக்குப் போனாலும் டயதர்மி என்று மின்னலையால் தசையைச் சூடாக்கும் சிகிச்சை மட்டும் வைத்துக்கொள்ளவே கூடாது, அது கம்பியின் நுனியைச் சூடாக்கி மூளையைப் பொசுக்கும்.

இதோடு, 'பெயர் கொடுங்கள் ஐயா' என்று முடித்திருப்பேன், உங்கள் கையெழுத்தைப் பார்க்காமல் இருந்தால்.

கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தேன். முதல் எழுத்து புளியங்கொட்டை அளவு. அதற்கடுத்தது கொஞ்சம் சின்னது. கடைசி மெய்யெழுத்து கடுகாகிப் போய், மேலே வைத்த புள்ளி அதனோடே ஒட்டிக்கொண்டிருக்கிறது. எசென்ஷியல் டிரெமர் உள்ளவர்கள் இப்படி எழுதுவதில்லை. அவர்கள் எழுத்து பெரிதாக, ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கும், ஆனால் போகப் போகச் சுருங்காது. சுருங்குகிறது என்றால், அசைவு மெதுவாகி உடம்பு விறைக்கும் பார்கின்சன் நோயின் அடையாளம்.

அடுத்தது பேத்தியின் கிண்டல். நடக்கும்போது ஒரு கை வீசாமல் உடம்போடு ஒட்டி நிற்பதும் அதே பார்கின்சன் அடையாளம்தான். எந்தக் கை என்று அவள் எழுதவில்லை. சிறுத்தது எழுத்து என்பதால், எழுதும் வலது கை என்று நான் பந்தயம் கட்டுவேன். நீங்கள் சிரிப்புக்குச் சேர்த்த அந்த வரிதான் ஐயா, மொத்தக் கடிதத்திலும் நான் சிவப்பு மையால் கோடு போட்டது.

இப்போது அந்தச் சின்னரிசினுக்கு வருவோம். தலைசுற்றலுக்கு என்று முட்டாய் மாதிரி வாங்கிப் போடுகிறார்கள். அது மூளையில் அசைவுகளுக்கு வேண்டிய டோபமைன் என்ற ரசாயனம் வேலை செய்யும் இடத்தை அடைத்து வைக்கும். பயணத்துக்கு ஒன்று இரண்டு போட்டால் பாதகமில்லை. அறுபதைத் தாண்டியவர் மாதக்கணக்கில் போட்டால் நடை மெதுவாகும், உடம்பு விறைக்கும், எழுத்து சிறுக்கும், பார்கின்சன் போலவே ஒரு நிலை வரும். மாத்திரையே வரவழைத்த பார்கின்சனிசம் என்று அதற்குப் பெயர். எட்டு மாதம் என்று எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறீர்கள்!

அந்தத் தலைசுற்றல்தான் எங்கிருந்து வந்தது? எழுந்து நின்றால் சுற்றுகிறது என்கிறீர்கள். புரோப்ரனலால் நாடியையும் ரத்த அழுத்தத்தையும் இறக்கும் மருந்து. ஒரு மாத்திரை தந்த தொல்லைக்கு இன்னொரு மாத்திரை, அது தந்த தொல்லைக்கு இப்போது மூளையில் கம்பி வரை வந்து நிற்கிறோமோ என்பது என் சந்தேகம். உட்கார்ந்தும் நின்றும் ரத்த அழுத்தம் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். ஃபார்மசிக்குப் போன நேரத்தில் பக்கத்து கிளினிக்குக்குப் போயிருக்கலாம்.

14 வருட நடுக்கமும் அப்பாவின் நடுக்கமும் எசென்ஷியல் டிரெமர்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பெக் போட்டால் அடங்குவதும் அதற்குச் சாட்சி. (சாட்சி என்றுதான் சொன்னேன், மருந்து என்று சொல்லவில்லை. போதை இறங்கியதும் கை முன்னைவிட அதிகமாக ஆடும், அப்புறம் பெக் இரண்டாகும்.) ஆனால் அதன்மேல் புதிதாக ஒன்று ஏறியிருக்கிறது. அது சின்னரிசின் செய்த வேலையா, பார்கின்சன் தொடங்குகிறதா என்று கடிதத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. நேரில் பார்த்துத் தீர்க்க வேண்டிய விஷயம். பார்கின்சன் என்றானால் கம்பி போகும் இடமே மாறலாம், வழக்கமாக அவர்களுக்கு வைப்பது தலாமஸுக்குக் கீழே இருக்கும் வேறொரு முடிச்சில். வி.ஐ.எம்-மில் வைத்தால் நடுக்கம் நிற்கும், மெதுவும் விறைப்பும் அப்படியே இருக்கும். மாத்திரையின் வேலை என்றானால் அதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாலே பெரும்பாலும் தேறும். எப்படியிருந்தாலும் இதைத் தீர்க்காமல் ஆபரேஷன் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

மற்றதெல்லாம் சில்லறை. இமை துடிப்பது பெரும்பாலும் கோப்பியும் தூக்கமின்மையும். கெண்டைக்கால் இழுப்பது இந்த வயதில் பலருக்கு உண்டு, படுக்குமுன் சுவரைப் பிடித்துக் காலை நீட்டி மடக்குங்கள். பெயர் மறப்பது எனக்கும்தான். பால்குடம் தாராளமாக எடுக்கலாம், ஆபரேஷன் செய்துகொண்டால் காயம் நன்றாக ஆறி டாக்டர் சரி என்ற பிறகு தண்ணீர்மலை முருகன் கோயில் படி ஏறுங்கள். பெட்டி இருக்கும் பக்கம் மார்பில் அலகு மட்டும் வேண்டாம்.

சின்னரிசினை இன்றோடு நிறுத்துங்கள். ஆனால் சுறுசுறுப்பில் புரோப்ரனலாலையும் நீங்களே நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று விட்டால் இதயம் படபடக்கும், ரத்த அழுத்தம் எகிறும். அதைக் குறைப்பது உங்கள் டாக்டரின் வேலை. அவரிடம் அடுத்த சந்திப்புக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தால் காத்திருக்காமல் இந்த வாரமே போன் போட்டு, "புதிதாக நடை மாறியிருக்கிறது" என்று இந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள். நடுக்கம் அதிகமாகிவிட்டது என்று சொன்னால் அதே தேதிக்கு வரச் சொல்லிவிடுவார்கள்.

போகும்போது காலியான சின்னரிசின் அட்டையைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பட்டறைக் காலத்து ரசீதுப் புத்தகமோ பழைய வங்கிப் புத்தகமோ வீட்டில் கிடந்தால், பத்து வருடத்துக்கு முந்தைய உங்கள் கையெழுத்தும் ஒன்று வேண்டும். நீங்கள் நடப்பதை வராந்தாவில் போனில் ஒரு நிமிடம் படம் எடுக்கச் சொல்லுங்கள், டாக்டர் முன்னால் எல்லோருமே நிமிர்ந்து நல்ல நடை நடந்து காட்டுவார்கள். டி.வி. பார்க்கும்போது மடியில் சும்மா கிடக்கும் கை ஆடுகிறதா, குழம்பு தாளிக்கும் வாசனை முன்போல் தெரிகிறதா, சட்டைப் பொத்தான் போட எவ்வளவு நேரமாகிறது என்றெல்லாம் டாக்டர் கேட்பார். பேத்தியைக் கூட்டிப் போங்கள். நீங்கள் எல்லாவற்றுக்கும் நல்லாத்தான் இருக்கு என்பீர்கள், அவள் உண்மையைச் சொல்வாள்.